டவுன் பஸ்ஸில் ஏறாத பிள்ளைகள்

நடுவர் ஐயாவுக்கும், எதிரணிக்கும், என் அணிக்கும், இந்த மாசிப் பனியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார், அப்பத்தாமார், அய்யாமார் எல்லோருக்கும் வணக்கம்.

வெளிநாட்டுக்குக் கல்விச் சுற்றுலா போகும் மாணவர்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுப்பது ஊரைச் சுற்றிப் பார்ப்பதா, அந்த ஊர் வயலில் ஒரு நாள் வேலை செய்வதா? வயல்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். “லட்ச ரூபாய் செலவு பண்ணி, பாஸ்போர்ட் எடுத்து, பிளைட் ஏறிப் போய், யார் தோட்டத்துக்கோ தண்ணி ஊத்தணுமா? நம்ம டவுன் பஸ்ல ஏறிக் கண்மாய்க்கரையில இறங்கினாப் போதாதா?” பந்தலே அதிர்ந்தது. நான் எழுதி வந்ததை மடித்து வைத்துவிட்டு இதற்கே பதில் சொல்கிறேன்.

போதும் தம்பி. டவுன் பஸ் இருக்கிறது, கண்மாய் இருக்கிறது, கண்மாய்க்குக் கீழே வயலும் இருக்கிறது. அந்த பஸ்ஸில் ஏறி அங்கே இறங்கி, களை பறித்துவிட்டு வந்த கல்லூரிப் பிள்ளை ஒருவரையாவது காட்டுங்கள். ஏன் ஏறவில்லை? அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கதை சொல்ல வேண்டும். நடுவர் ஐயா கொஞ்சம் நேரம் தர வேண்டும்.

எங்கள் கல்லூரிப் பிள்ளைகளை வியட்நாம் கூட்டிப் போனோம். சைகோனில் நம் செட்டிநாட்டு நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. பிள்ளைகள் கும்பிட்டார்கள், படம் எடுத்தார்கள், வெளியே வந்தார்கள். அப்புறம் ஹோய் ஆன். 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பழைய துறைமுக ஊர். அங்கேயும் படம். அந்த ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் ட்ரா குவே என்று ஒரு கீரைக் கிராமம். புதினா, துளசி, கொத்துமல்லி என்று பாத்தி பாத்தியாகப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து நீர்நிலையில் வளரும் பாசியை அள்ளி வந்து மண்ணுக்குள் புதைப்பார்கள், அதுதான் உரம். வருகிறவர்கள் காசு கட்டி வேலை செய்யலாம். மண் கொத்தலாம், நாற்று வைக்கலாம், தண்ணீர் ஊற்றலாம்.

எங்களோடு ஒரு பையன் வந்திருந்தான். தேவகோட்டைப் பக்கம். பெயர் வேண்டாம், அவன் வீட்டார் இந்தப் பந்தலில்கூட இருக்கலாம். அவனிடம் ஒரு பாட்டி காவடித் தண்டைக் கொடுத்தார். இரண்டு பக்கமும் தண்ணீர் நிறைந்த பூவாளி. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் காவடியைத் தோளில் சாய்ப்பது மாதிரியே பையனும் சாய்த்தான். எடுத்த எடுப்பில் பாதித் தண்ணீர் அவன் காலில். பாட்டி சிரித்துக்கொண்டே வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து, இரண்டு வாளியையும் ஒரே நேரத்தில் சாய்த்தபடி பாத்திக்கு நடுவே நடக்கக் கற்றுக்கொடுத்தார். நடந்தான். கடைசிப் பாத்தி வரைக்கும் ஊற்றினான்.

அப்புறம் பாட்டி நிழலில் உட்கார்ந்து, வழிகாட்டிப் பெண் மூலமாக ஒன்று கேட்டார். “உங்க ஊர்ல என்ன போடுவீங்க? எப்ப நடுவீங்க?”

பையன் முழித்தான். அவன் வீட்டுக்குக் கண்மாய்ப் பாசன வயல் உண்டு, அப்பத்தா இன்னும் வயலுக்குப் போகிறார். அங்கே என்ன போட்டிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் என்ன செய்தான் தெரியுமா? போனை எடுத்து அப்பத்தாவுக்கு வீடியோவில் அடித்தான்.

கைதட்டல் அப்புறம். இனிமேல்தான் கதையே. அப்பத்தா டீத்தம்ளரோடு திரையில் வருகிறார். “என்ன அப்பு, சாப்பிட்டியா?” பேரன், “அப்பத்தா, நம்ம வயல்ல என்ன போட்டிருக்கோம்?” என்றான். அப்பத்தாவுக்குப் பேச்சே வரவில்லை. பேரன் வயலைப் பற்றி இதுவரை கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ஐப்பசி மழையில நட்டது அறுத்தாச்சுப்பு, இப்ப உளுந்து கிடக்கு” என்றார். அவன் போனைத் திருப்பிப் பாத்தியைக் காட்டினான். பாசியைக் காட்டினான். அப்பத்தா உடனே, “அட, நாம கொளுஞ்சித் தழை போட்டு மிதிப்பமே, அது மாதிரியா!” அது வியட்நாம் மொழிக்குப் போனது. அந்தப் பாட்டி தலையாட்டினார். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அங்கே தேவைப்படவில்லை. கண்மாய் வண்டலைப் பற்றி ஒருவர், ஆற்றுப் பாசியைப் பற்றி ஒருவர். நடுவில் வழிகாட்டிப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் அப்பத்தா சொன்னார்: “அப்பு, அந்தக்காளுக்கு இடுப்பு வலிக்குதான்னு கேளு.”

பின்வரிசைக்குக் கேட்டதா? இன்னொரு தரம் சொல்கிறேன். தேவகோட்டைப் பக்கத்து அப்பத்தா, ஹோய் ஆன் பக்கத்துப் பாட்டியைக் கேட்கிறார், இடுப்பு வலிக்குதா என்று. மொழிபெயர்த்ததும் அந்தப் பாட்டி சிரித்தார். எழுந்தார். திரும்பி நின்று, இடுப்பில் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக் காட்டினார். இங்கே திரையில் அப்பத்தாவும் எழுந்து அதே மாதிரி இடுப்பில் கை வைத்துக் காட்டுகிறார். நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கேள்வியை அவன் அப்பத்தாவிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது சொல்கிறேன் தம்பி, டவுன் பஸ்ஸில் ஏன் ஏறவில்லை என்று. மதிப்பெண் குறைந்தால் நாம் பிள்ளையிடம் என்ன சொல்கிறோம்? “மாடு மேய்க்கத்தான் போவே.” வயலைத் தண்டனையாகச் சொல்லியே வளர்த்தோம். இன்னொன்றும் உண்டு, மேடையில் சொல்லத் தயங்குவது. நம் ஊர் வயலில் யார் வரப்பில் குடை பிடித்து நிற்பது, யார் சேற்றில் இறங்குவது என்பது பிறக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. இறங்குகிறவன் இன்ன வீட்டுப் பிள்ளை என்று ஊரே பார்க்கும். ட்ரா குவேயில் யார் பார்ப்பது? வரப்பில் நின்ற வீட்டுப் பிள்ளையும், சேற்றில் இறங்கிய வீட்டுப் பிள்ளையும் ஒரே காவடித் தண்டை மாற்றி மாற்றித் தூக்கினார்கள். அதற்காகவே கடல் தாண்டலாம். எங்கள் பையன் திரும்பி வந்ததும் அப்பத்தாவோடு நீங்கள் சொன்ன அந்த டவுன் பஸ்ஸில்தான் ஏறி, கண்மாய்க்கரையில் இறங்கினான். உங்கள் பஸ்ஸுக்கு ஆள் சேர்த்ததே வியட்நாம்தான் தம்பி!

காசு கொடுத்து யார் வேலை செய்வார்கள் என்றும் சிரித்தார்கள். 1971-இல் லண்டனில் செயலராக வேலை பார்த்த சூ கோப்பர்ட், வார இறுதியில் பண்ணை வேலைக்குப் போகலாம் வாருங்கள் என்று கூப்பிட்டார். சசெக்ஸில் ஒரு பண்ணைக்கு முதலில் போனது 4 பேர். சம்பளம் கிடையாது, சோறும் படுக்க இடமும்தான். இன்று உலகம் முழுக்க அந்த ஏற்பாடு நடக்கிறது. ஒரு நாளில் விவசாயம் வராது என்பதும் சரிதான். இடுப்பு வலி தெரிய ஒரு நாள் போதும்.

கடல் தாண்டுவது நமக்குப் புதிதா? பர்மாவில் ஐராவதி டெல்டாவில் நெல் விளைய முதலாக நின்றது நகரத்தார் கடனாகக் கொடுத்த இந்தச் செட்டிநாட்டுச் சீமைக் காசு. 1930-இல் அங்கே முக்கியமான நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்கு நிலம் நகரத்தார் கையில் இருந்தது. நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. 1937-இல் அது நூற்றுக்கு 25 பங்கு. நம்மவர்கள் கேட்டது பணத்தைத்தான். ஆனாலும் நிலம் போன பர்மிய உழவனின் வலி எந்தப் பேரேட்டில் ஏறியது? 1942-இல் யுத்தத்துக்குப் பயந்து நடந்தே ஊர் வந்தவர்களின் கண்ணீர் நம் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. அந்த உழவன் வீட்டுக் கண்ணீரையும் சேர்த்து நினைக்க நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவன் பக்கத்தில் குனிந்து ஒரு நாற்றாவது நட்டவனுக்கு அது தானாக வரும்.

எதிரே பாருங்கள். எத்தனை அப்பத்தாக்கள்! இவர்கள் குனிந்து நட்டதைத் தின்றுதான் இந்த மேடையில் இருக்கிற அத்தனை பேரும் படித்தோம். என்னைப் பெற்றவளும் நடவுக்குப் போனவள்தான். நான் பட்டம் வாங்கின அன்றைக்கும் அவள் காலில் சேறு. மண்டபத்துக்குள் வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு உள்ளே இடம் இருக்கிறது என்று சொல்கிற பிள்ளைகள் வர வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் ஐயா, முடிக்கிறேன். தீர்ப்பு உங்கள் கையில். பெற்றோர்களே, அடுத்த முறை பிள்ளை சுற்றுலாப் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அதில் வயல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எங்களை மாதிரி ஆசிரியர்களைக் கல்லூரி வாசலிலேயே பிடியுங்கள். ஷாப்பிங் மாலுக்கு ஒதுக்கிய நாளை எடுத்துவிட்டு, வயலைப் போட்டால்தான் கையெழுத்து என்று சொல்லுங்கள். வணக்கம்.