மரம் இல்லாவிட்டாலும் வீடு நிறையும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய இரு அணி நண்பர்களே, இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

‘கிறிஸ்துமஸ் வீட்டுக்கு அழகு சேர்ப்பது மரமா, மரம் இல்லாத எளிய அலங்காரமா?’ என்பது இன்றைய தலைப்பு. எளிய அலங்காரமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மரம் இல்லாத கிறிஸ்துமஸ் பாதி கிறிஸ்துமஸ் என்றார். மரம் இல்லாவிட்டால் பிள்ளைகளின் முகம் வாடிவிடும் என்றார். பிளாஸ்டிக் மரம் ஒன்றை வாங்கிவிட்டால் பத்து வருடத்துக்குக் கவலையில்லை, அதுதான் உண்மையான சிக்கனம் என்றார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் மூன்றையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பாதி கிறிஸ்துமஸ் என்கிறாரே, அதை முதலில் பார்ப்போம். டிசம்பர் 25ஐக் கிறிஸ்துவின் பிறந்தநாளாகக் குறிக்கும் மிகப் பழைய பதிவு ரோமாபுரியில் கிடைக்கிறது. அது காட்டும் ஆண்டு கி.பி. 336. வீட்டுக்குள் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதோ 16ஆம் நூற்றாண்டில் ரைன் நதிப் பக்கத்து ஊர்களில்தான் தெரியவருகிறது. நடுவே ஏறக்குறைய 1200 ஆண்டுகள். அத்தனை தலைமுறையும் பாதி கிறிஸ்துமஸ்தான் கொண்டாடினார்களா? இங்கிலாந்தில் மரம் வீட்டுக்கு வீடு பரவியதற்குப் பத்திரிகைப் படம் ஒன்று பெரிய காரணம். விக்டோரியா மகாராணியும் இளவரசர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் அது, 1848இல் லண்டனில் வெளியானது. அரண்மனையில் இருப்பது நம் வீட்டிலும் இருக்கட்டும் என்று ஜனங்கள் ஆசைப்பட்டார்கள். ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. ஆனால் அரண்மனைக்கு எடுத்த அளவை ஒவ்வொரு வீட்டுக்கும் சட்டமாக்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நடுவர் அவர்களே. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வீடுகளுக்குள் மரம் வைத்ததைப் பற்றி 1605இல் ஒருவர் எழுதிய குறிப்பு இருக்கிறது. அந்த மரங்களில் என்ன தொங்கியதாம்? பல வண்ணக் காகிதத்தில் வெட்டிய ரோஜாப் பூக்கள், ஆப்பிள்கள், சர்க்கரை. அதாவது கத்தரிக்கோல், காகிதம், வீட்டில் இருந்த பழம். எதிரணி பெருமையாகச் சொல்லும் அந்த மரத்தையே அழகாக்கியது இவைதான். இவை எல்லாம் எங்கள் அணியின் சாமான்கள்!

சரி, மரத்தை விட்டுவிட்டால் அலங்காரத்தை எங்கிருந்து தொடங்குவது? கதையிலிருந்தே தொடங்கலாம். பைபிளில் லூக்கா சொல்லும் பிறப்பில் ஓர் இரவு இருக்கிறது, துணியில் சுற்றிய குழந்தை இருக்கிறது, முன்னணை என்னும் மாட்டுத் தீவனத் தொட்டி இருக்கிறது, ஆட்டிடையர்கள் இருக்கிறார்கள். மத்தேயு சொல்வதில் நட்சத்திரமும் ஞானிகளும் வருகிறார்கள். வெளிச்சம், நட்சத்திரம், வைக்கோல், துணி என்று அலங்காரத்துக்கான பட்டியல் அங்கேயே கிடைத்துவிடுகிறது. 1223இல் கிரெச்சோ என்ற இத்தாலிய மலையூரில் அசிசியின் பிரான்சிஸ் என்ற துறவி கிறிஸ்துமஸ் இரவைக் கொண்டாடியபோது அவர் கேட்டு வாங்கி வைத்தவை வைக்கோல் நிரப்பிய ஒரு முன்னணை, ஒரு மாடு, ஒரு கழுதை. சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் கையில் பந்தம் ஏந்தி வந்தார்கள். இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்ட இன்று உலகம் முழுக்கக் கட்டப்படும் குடில்களுக்கு அந்த இரவுதான் பெரிய தூண்டுதல்.

இந்த இடத்தில் என் அணித் தோழர் சொன்ன ஒன்றைப் பற்றியும் நான் பேசியாக வேண்டும். சுவரில் சீரியல் லைட்டை முக்கோணமாக ஒட்டிவிட்டால் மரம் மாதிரியே இருக்கும் என்றார். உடனே எதிரணி, “பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றி நீங்களும் மரத்தைத்தானே தேடுகிறீர்கள்?” என்று கேட்டது. கேட்டது நியாயமான கேள்வி. அந்த முக்கோணத்தையும் நான் கேட்கவில்லை. மரத்தின் நகலைச் சுவரில் வரைந்துவிட்டு மரம் வைக்கவில்லை என்று சொல்வதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. மரம் போன இடம் வெறுமையாகத் தெரிய வேண்டாம். அந்த மூலையை மறந்துவிட்டு ஜன்னலைப் பாருங்கள், கதவைப் பாருங்கள், எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தைப் பாருங்கள். என் வாதமே அதுதான்.

ஜன்னலுக்கு ஒரு நட்சத்திரம் சொல்கிறேன். வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய தாள் வேண்டும். டிரேசிங் பேப்பர் போதும், பட்டர் பேப்பரும் போதும். ஒரே அளவில் எட்டுச் சதுரங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு சதுரத்தை மூலைவிட்டத்தில் மடித்து நகத்தால் நன்றாக நீவிவிட்டுப் பிரியுங்கள். நடுவில் கோடு தெரியும். அந்தக் கோட்டின் ஒரு முனையில் சேரும் இரண்டு விளிம்புகளையும் கோட்டைத் தொடும்படி உள்ளே மடித்தால் பட்டம் போன்ற வடிவம் வந்துவிடும். எட்டையும் இப்படியே மடித்துக்கொள்ளுங்கள். கூர்முனைகள் வெளியே பார்க்கட்டும், அகலமான முனைகள் எல்லாம் நடுவில் ஒரே புள்ளியில் சேரட்டும். ஒன்றின் நடுக்கோட்டில் அடுத்ததன் விளிம்பு உட்காரும்படி ஒட்டிக்கொண்டே போனால் எட்டாவது பட்டம் முதலாவதை வந்து தொடும். மேசையில் கிடக்கும்போது அது சாதாரணக் காகிதம்தான். கண்ணாடியில் ஒட்டிவிட்டு வெயில் வரும்வரை காத்திருங்கள். ஒற்றைத் தாள் இருக்கும் இடம் வெளிறியும், இரண்டு மூன்று மடிப்பு சேரும் இடம் அழுத்தமாகவும் தெரிந்து, உள்ளுக்குள் இன்னொரு நட்சத்திரம் எழுந்து வரும். அதைச் செய்த பிள்ளையை அப்போது அந்த ஜன்னலை விட்டு நகர்த்த முடியாது. இப்படிச் சொல்வது கற்பனை என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் நீஸ்கியில் மொராவிய சபை என்ற கிறிஸ்தவப் பிரிவின் பள்ளியில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வடிவியல் பாடத்துக்காக மாணவர்களுக்குக் காகித நட்சத்திரம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். பல கூர்முனைகள் கொண்ட அந்த நட்சத்திரம்தான் இன்றும் ஆயிரக்கணக்கான வீடுகளில் கிறிஸ்துமஸுக்குத் தொங்குகிறது. வகுப்பறையில் பிள்ளைகள் கையால் பிறந்த அலங்காரம்!

வெளிச்சத்தைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. ஒரு சரம் எல்.இ.டி. போதும். பழைய இழை பல்புகளைவிட மின்சாரமும் குறைவு, சூடும் குறைவு. அதை நேராகக் கண்ணில் படும்படி தொங்கவிடாமல் திரைச்சீலைக்குப் பின்னால் விடுங்கள், அல்லது ஒரு கண்ணாடி ஜாடிக்குள் சுருட்டிப் போடுங்கள். விட்டு விட்டு எரியாமல் நிலையாக எரியட்டும். மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் பின்னால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் ஒன்று இரண்டாகத் தெரியும். அடியில் மணல் போட்ட டம்ளரில் நிறுத்துங்கள். திரைக்கும் காகிதத்துக்கும் தூரமாக இருக்கட்டும், தூங்கப் போகும் முன் அணைத்துவிடுங்கள்.

அடுத்து, பிள்ளைகளின் முகம் வாடிவிடும் என்ற வாதம். இதற்குப் பதிலாக ஹாம்பர்க் நகரத்துக்கு ஒருமுறை போய்வருவோம். அங்கே ஆதரவற்ற ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் நடத்தியவர் யோஹான் ஹின்ரிக் விச்செர்ன். கிறிஸ்துமஸ் எப்போது வரும், எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரித்தார்களாம். 1839இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து அதன்மேல் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலத்தில் ஞாயிறு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி, இடைப்பட்ட நாட்களுக்குச் சின்னச் சின்ன சிவப்பு மெழுகுவர்த்திகள். தினமும் ஒன்று ஏற்ற ஏற்ற, பண்டிகை எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்பதைப் பிள்ளைகளே எண்ணித் தெரிந்துகொண்டார்கள். இன்று தேவாலயங்களில் நான்கு மெழுகுவர்த்தியோடு வைக்கும் திருவருகைக் கால வளையம் அந்தப் பழைய சக்கரத்திலிருந்து வந்ததுதான். பிள்ளைகளுக்கு வேண்டியது உயரமான பொருளா, நாளுக்கு நாள் நடக்கும் ஏதோ ஒன்றா என்பதை அந்த இல்லத்துப் பிள்ளைகள் அன்றைக்கே காட்டிவிட்டார்கள்.

வீட்டுக் குடிலிலும் அதையே செய்யலாம். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியை ஒருக்களித்து வைத்தால் தொழுவம் வந்துவிட்டது. பழுப்புத் தாளைக் கசக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்து, கையால் அழுத்தி அழுத்தி விட்டுக் காயவைத்தால் பாறை. தரையில் காய்ந்த புல். உருவங்களைக் களிமண்ணில் பிடிக்கலாம், அட்டையில் வரைந்து வெட்டலாம். மூக்கு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் முக்கியமான வேலைக்கு வருவோம். முன்னணையைக் காலியாகவே வையுங்கள். 24ஆம் தேதி இரவுதான் குழந்தையை அதில் கிடத்த வேண்டும். அதைக் கிடத்துவது வீட்டில் எல்லோரையும்விடச் சின்னக் கை. மூன்று ராஜாக்கள் என்றும் சொல்லப்படும் ஞானிகள் மூவரையும் குடிலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அவர்கள் தூர தேசத்திலிருந்து வர வேண்டியவர்கள். வீட்டின் மறுகோடியில், சமையலறை ஜன்னல் திட்டிலோ புத்தக அலமாரியிலோ இருந்து அவர்கள் கிளம்பட்டும். தினமும் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கதவு தாண்டி, நாற்காலி தாண்டி, ஜனவரி 6ஆம் தேதி மூன்று ராஜாக்கள் பண்டிகையன்று குடிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். காலையில் எழுந்ததும், “இன்னைக்கு ராஜாக்கள் எதுவரைக்கும் வந்திருக்காங்க?” என்று ஓடும் பிள்ளைக்கு முகம் வாட நேரம் ஏது? ஓரிடத்தில் நிறுத்திய மரம் முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியேதான் கடைசி நாளும் நிற்கும். இந்தக் குடில் தினமும் மாறிக்கொண்டே இருக்கிறது.

பரிசுகளை எங்கே வைப்பது என்று ஒருவர் கேட்டார். குடிலுக்கு முன்னால் வையுங்கள். ஞானிகள் அங்கேதானே வைத்தார்கள்?

மூன்றாவது வாதம், பிளாஸ்டிக் மரத்தின் சிக்கனம். மரத்தோடு செலவு நின்றுவிடுவதில்லை என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். அதற்கு உருண்டைகள், மணிகள், உச்சிக்கு நட்சத்திரம், அடியில் விரிக்கத் துணி, வருடம் முழுக்கப் படுக்கவைக்க ஒரு பரண் எல்லாம் வேண்டும். இரண்டு மீட்டர் உயரமுள்ள ஒரு செயற்கை மரம் ஏற்படுத்தும் கரியமில வாயுச் சுமை ஏறக்குறைய 40 கிலோ என்று பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் என்ற அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எறிவதுதான் பெரிய வீண். அது உடைந்து உதிரும்வரை வருடா வருடம் வையுங்கள். இந்த வருடம் புதிதாக ஒன்று வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களிடம்தான் பேசுகிறேன்.

மலிவாகச் செய்தால் மலிவாகத்தான் தெரியும் என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்னது எனக்கு வலித்தது. காசு குறைவதால் ஓர் அலங்காரம் மட்டமாகத் தெரிவதில்லை. கையில் கிடைத்ததை எல்லாம் ஒரே இடத்தில் அள்ளிப் பூசினால்தான் அப்படித் தெரியும். இரண்டே நிறம் எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளையும் சிவப்பும் என்று வைப்போம். காகித நட்சத்திரம், மேசை விரிப்பு, வாசலில் கட்டும் நாடா எல்லாம் அந்த இரண்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஜன்னலில் மூன்று நட்சத்திரம் ஒட்டினால் சுற்றிலும் வெறும் கண்ணாடி நிறையவே தெரியட்டும். காய்ந்து விழுந்த ஒரு கிளையைத் தட்டித் துடைத்துச் சுவரில் படுக்கைவாட்டில் கட்டி, அதிலிருந்து வெவ்வேறு நீளத்தில் நூல் விட்டு, கடந்த வருடங்களில் வந்த வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுங்கள். பார்க்க வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று யார் யார் எழுதியது என்று படிப்பார்கள். கடையில் வாங்கிய உருண்டையை அப்படி யாரும் நின்று படிப்பதில்லை.

அவையோரே, இதை நான் இவ்வளவு அழுத்திப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீடுகள் இருக்கின்றன. மரம் நிற்க வேண்டிய இடத்தில் அங்கே ஒருவர் தூங்குகிறார். அடுத்த மாதம் வீடு மாற வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அந்த வருடம் ஒருவரை இழந்துவிட்டு, பெட்டியைப் பிரித்து மரத்தை நிறுத்தும் தெம்பு இல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். தனியாக வாழும் முதியவர்கள் இருக்கிறார்கள். மரம் இல்லாவிட்டால் பாதி என்று நீங்கள் மேடையில் சொல்லும்போது இவர்கள் எல்லோரையும் பாதியாக்கிவிடுகிறீர்கள். சத்திரத்தில் இடமில்லை என்று ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பிய கதையைத்தானே நாம் இந்தப் பண்டிகையில் நினைக்கிறோம்? ஒரு காகித நட்சத்திரத்தை ஒட்ட ஜன்னல் போதும். ஜன்னலும் இல்லாவிட்டால் கதவின் உட்புறம் போதும். மனம் கனத்த வருடத்தில் மேசை மேல் ஒரே ஒரு விளக்கை ஏற்றி வைத்தாலும் அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் வந்திருக்கிறது என்று நான் சொல்வேன். அதை அரைகுறை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நடுவர் அவர்களே, எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அமர்கிறேன். மரத்தை மூலையில் நிறுத்தி விளக்கும் போட்டாயிற்று. உங்கள் வாசலுக்கும், ஜன்னலுக்கும், எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் மேசைக்கும் என்ன செய்தீர்கள்? அதில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கை பட்டது எது? அவர் வந்து பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.