அட்டையில் இல்லாத எண்

எல்லோருக்கும் வணக்கம். மேசையில் இரண்டு புனல் வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே மண்தான், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல். தண்ணீர் இறங்க வேண்டுமே என்று கொஞ்சம் ஆற்று மணல் கலந்திருக்கிறது. இடது புனலில் ஜென்ஷியன் வயலட் கரைசலை ஊற்றுகிறேன். என் வயதுக்காரர்களுக்கு இதைத் தெரியும். வாய்ப்புண் வந்தால் தடவிவிடுவார்கள், இரண்டு நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஊதா வாயன் என்று பேர். வலது புனலில் ஈயோசின், சிவப்பு மையில் போடுகிற சாயம். சரி, இது சொட்டுகிற வரை வேறு பேசுவோம்.

போன மாதம் கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி மண்வள அட்டையோடு வந்தார். "சார், எனக்கும் பி.எச். 5, என் மச்சான் தோட்டத்துக்கும் 5. அவருக்கு எழுதிக் கொடுத்த சுண்ணாம்பில் பாதிதான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். யாரோ தப்பாக எழுதிவிட்டார்களா?" என்று கேட்டார். பி.எச். என்பது மண் அமிலமா காரமா என்று சொல்லும் எண்; ஏழு நடு, அதற்குக் கீழே போகப் போக அமிலம். அந்த அமிலத்தைத் தீர்க்கத்தான் சுண்ணாம்பு. தப்பு இல்லை. ஆனால் ஏன் தப்பு இல்லை என்பதற்கான விடை அந்த அட்டையில் கிடையாது. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய அட்டை அது. தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், ஐந்து நுண்சத்து, பி.எச்., உப்பின் அளவு, அங்ககக் கரிமம் என்று பன்னிரண்டு விவரம் இருக்கும். பதிமூன்றாவது ஒன்று வேண்டும் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு: மண்ணின் பரிமாற்றத் திறன், அதாவது நேர்மின் சுமை கொண்ட சத்தையும் அமிலத்தையும் மண் எவ்வளவு பிடித்து வைத்துக்கொள்ளும் என்ற அளவு.

ஒரு கணக்குப் போடுவோம். பி.எச். என்ற அளவு 1909-இல் டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் சோரன்சன் கொடுத்தது. (பீர்க்காரர்களுக்கு விவசாயிகள் பட்ட கடன் இது ஒன்று.) பி.எச். 5 என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மோலில் (வேதியியலில் துகள்களை எண்ணும் அலகு) லட்சத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் அயனி, அமிலத்தன்மையைத் தருகிற மின்சுமை கொண்ட துகள். ஒரு ஏக்கரில் ஆறு அங்குல ஆழத்து மண்ணை எடுத்தால் சுமார் 8 லட்சம் கிலோ வரும். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் என்றால் 1,60,000 லிட்டர். அத்தனை தண்ணீரிலும் இருக்கிற அமிலத்தைத் தீர்க்க எவ்வளவு சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும் தெரியுமா? 80 கிராம். வீட்டுச் சுண்ணாம்பு டப்பாவில் அடங்கிவிடும்! ஆனால் மலைத்தோட்டத்தில் நாம் போடுவது டன் கணக்கில். மீதியெல்லாம் எங்கே போகிறது?

தண்ணீரில் இருப்பது கல்லாவில் கிடக்கிற சில்லறை. சரக்கு கிடங்கில் இருக்கிறது. களித்துகளின் மேலும் மக்கின் (மக்கிப்போன இலை, தழை, எரு) மேலும் எதிர்மின் சுமை உண்டு. நேர்மின் சுமை கொண்ட கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், அம்மோனியம், ஹைட்ரஜன், அலுமினியம் எல்லாம் அங்கே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று இறங்கினால்தான் இன்னொன்று ஏற முடியும். சுத்தமான பண்டமாற்று. வேர்கூட ஹைட்ரஜனைக் கொடுத்துத்தான் பொட்டாசியத்தை வாங்குகிறது. நீங்கள் சுண்ணாம்பு போட்டு நீரிலுள்ள அமிலத்தைத் தீர்த்த மறுநிமிடமே கிடங்கிலிருந்து அமிலம் இறங்கி வந்து அந்த இடத்தை நிரப்பும். கிடங்கு பெரிதாக இருந்தால் சுண்ணாம்பும் அதிகம். மச்சான் தோட்டத்தில் களியும் மக்கும் கூடுதல், அவ்வளவுதான் விஷயம்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் தாம்சன் என்றொரு நிலக்காரர். எருக்குழித் தண்ணீரில் அம்மோனியா வீணாகிறதே என்று அவருக்குக் கவலை. 1845 வாக்கில் மண் நிரப்பிய குழாயில் அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றிப் பார்த்தார். கீழே வந்தது அம்மோனியம் சல்பேட் அல்ல, கால்சியம் சல்பேட். நாம் ஜிப்சம் என்கிறோமே, அதுதான். அம்மோனியத்தை மண் வாங்கிக்கொண்டு கால்சியத்தைக் கொடுத்துவிட்டது. தாமஸ் வே என்ற வேதியியலாளர் இதை வரிசையாகச் சோதித்து 1850-இல் எழுதினார்.

இப்போது புனலைப் பாருங்கள். ஊதாச் சாயம் ஊற்றிய பக்கம் கீழே வருவது ஏறக்குறைய வெறும் தண்ணீர். சிவப்பு சிவப்பாகவே வருகிறது. ஊதாவுக்கு நேர்மின் சுமை, மண் பிடித்துக்கொண்டது. சிவப்புக்கு எதிர்மின் சுமை, மண்ணுக்கு அதன்மேல் அக்கறை இல்லை. உங்கள் யூரியா மண்ணில் முதலில் அம்மோனியமாகிறது, அந்த நிலையில் அது ஊதா. நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிட்டால் சிவப்பு. அடுத்த பெருமழையில் கிணற்றைப் பார்க்கப் போய்விடும். அந்த மாற்றத்தின்போதே அமிலமும் பிறக்கிறது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் 1856-இல் தொடங்கிய புல்வெளிச் சோதனையில், சுண்ணாம்பு இல்லாமல் அம்மோனியம் சல்பேட்டே வாங்கிவந்த பாத்திகள் பி.எச். 4-க்கும் கீழே போய்விட்டன.

கிடங்கின் அளவு களியின் வகையைப் பொறுத்தது. கரிசலில் இருப்பது தண்ணீர் பட்டால் உப்பி, காய்ந்தால் காலே நுழைகிற அளவுக்கு வெடிக்கிற களி. அதன் பரிமாற்றத் திறன் கிலோவுக்கு 80 முதல் 120 அலகு வரை போகும். செம்மண்ணில் அதிகம் இருக்கிற கயோலினைட் களிக்குப் பதினைந்தைத் தாண்டாது. மக்கு இருநூறுக்கு மேல். புதுக்கோட்டைச் செம்மண்காரர் கிடங்கைப் பெரிதாக்க வேண்டுமென்றால் மக்குதான் எளிதில் கைக்கெட்டும் வழி. நம் வெயிலில் மக்கு சீக்கிரம் எரிந்துபோகிறது என்பதும் உண்மை, வருஷா வருஷம் போட வேண்டும்.

தண்ணீர் விஷயத்திலும் இதே களிதான் விளையாடுகிறது. மணலில் நூற்றுக்குப் பத்து ஈரம் இருந்தால் செடி செழிப்பாக நிற்கும்; கனத்த கரிசலில் இருபது இருந்தும் தலை தொங்கிவிடும். அமெரிக்காவில் பிரிக்ஸ், ஷாண்ட்ஸ் இருவரும் 1912-இல் பல வகைச் செடிகளை வைத்து இந்த வாடல் நிலையை அளந்தார்கள். ஏறக்குறைய 15 வளிமண்டல அழுத்தத்தோடு களி தண்ணீரை இறுக்கிக்கொள்ளும்போது வேர் தோற்றுப்போகிறது. அதற்கு முன்பே சத்து வருவது குறைந்துவிடும், ஏனென்றால் பொட்டாசியமோ கால்சியமோ வேருக்கு நடந்து வர வேண்டிய பாதை அந்த நீர்ப்படலம்தான்.

மழை அதிகமானால் வேறு தொல்லை. நீலகிரியிலும் வால்பாறையிலும் பெய்கிற மழை கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டே போகிறது; காலியான இடத்தில் ஹைட்ரஜனும் அலுமினியமும் உட்காருகின்றன. பி.எச். 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து பெரும்பாலான பயிர்களின் வேர்நுனியைக் கெடுக்கும். தேயிலை மட்டும் விசித்திரப் பிறவி, அலுமினியத்தை இலையில் சேர்த்து வைத்துக்கொண்டு 4.5-க்கும் 5.5-க்கும் நடுவில் சந்தோஷமாக இருக்கும். அதையும் தாண்டிக் கீழே போகும்போதுதான் கவாத்தை ஒட்டி டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்) போடுகிறோம். பக்கத்து முட்டைக்கோஸ் பாத்திக்குத் தேயிலைக் கணக்கைப் போடாதீர்கள்.

நெல்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. இலங்கையைச் சேர்ந்த பொன்னம்பெருமா பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் வருஷக்கணக்கில் இதை ஆராய்ந்தார். நீர் தேக்கிய சில வாரங்களில் அமில மண்ணின் பி.எச். ஏறுகிறது, கார மண்ணினுடையது இறங்குகிறது, இரண்டும் ஏழுக்குப் பக்கம் வந்து நிற்கின்றன. வயலை வடித்துக் காயவிட்டால் பழைய குணம் திரும்பிவிடும். அதனால் நெல்லுக்குப் பின் உளுந்து விதைப்பவர் காய்ந்த மண்ணின் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

பதிமூன்றாவது எண்ணை ஆய்வகத்தில் கேட்டால் தனியாகச் சோதித்துச் சொல்வார்கள். அதுவரை ஒரு கைவைத்தியம்: ஈரமண்ணை உருட்டிக் கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளிப் பாருங்கள். இரண்டு அங்குலம் அறாமல் வந்தால் களி அதிகம், கிடங்கு பெரிதாக இருக்க வாய்ப்பு உண்டு. நாடாவே வராமல் உதிர்ந்தால் பொட்டாஷையும் யூரியாவையும் ஒரே தடவையில் கொட்டாதீர்கள், மூன்று நான்காகப் பிரித்துப் போடுங்கள். ஊதாப் புனலில் இன்னும் எத்தனை கோப்பை ஊற்றினால் கீழே நிறம் வரும் என்று பின்வரிசைப் பையன் கேட்கிறான். வா தம்பி, நீயே ஊற்றி எண்ணு.