இணக்கமா, பிணக்கா? பிணக்கு அணியின் உரை

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம்.

'மனிதரை வளர்ப்பது இணக்கமா, பிணக்கா' என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி அக்கா, பிணக்கு ஒரு நோய் என்றார். அதைச் சொல்லும்போது எங்கள் அணியை ஒரு பார்வை பார்த்தார். அதில் இணக்கத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. சரி, போகட்டும்.

நம் திருகோணமலை உப்புவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோணியில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வருவார்கள். அப்புறம் இரண்டு கயிறு, இரண்டு கூட்டம். இந்தப் பக்கம் ஒன்று இழுக்கும், தூரத்தில் அந்தப் பக்கம் மற்றது இழுக்கும். இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டும் கேட்கும், ஏச்சும் கேட்கும். 'எங்களுக்கேன் இந்த இழுபறி' என்று ஒரு கூட்டம் கயிற்றைத் தளரவிட்டால் வலை கோணும், மீன் போய்விடும். நான் ரசிப்பது இன்னொன்றை. இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் கிட்டக்கிட்ட வந்துகொண்டே இருக்கும். மீன் சேரும் வலையின் மடி கரையேறும் நேரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள்.

என் கதைக்கு வருகிறேன். நானும் ஒரு தோழியும் சேர்ந்து டியூஷன் வகுப்பு நடத்தினோம். ஒருநாள் அவள், "நீ பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுவதே இல்லையடி" என்றாள். எனக்குச் சுள்ளென்றது. 9 நாள் அவளோடு கதைக்கவில்லை. பத்தாவது நாள், அவள் சொன்னது பொய் என்று காட்டத்தான் வகுப்பில் கேள்விகளை எண்ணினேன். ஒரு மணித்தியாலத்தில் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு வந்த வெட்கம்தான் என்னை ஆசிரியையாக்கியது. அவ்வளவு காலமும் "நல்லாப் படிப்பிக்கிறீங்கள் மிஸ்" என்ற பெற்றோரால் அது முடியவில்லை.

எதிரணி கேட்கலாம்: அப்படியென்றால் அடிதடியும் வளர்ச்சியா? இல்லை. ஒருவர் பயந்து நடுங்க மற்றவர் கத்துவது பிணக்கு இல்லை, கொடுமை. கரைவலைக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும்.

வள்ளுவரைப் பாருங்கள். 133 அதிகாரத்தில் கடைசி 3 அதிகாரத்தையும் புலவிக்கும் ஊடலுக்குமே கொடுத்தார். அறம், பொருள் எல்லாம் சொல்லிவிட்டு, கோபித்துக்கொள்ளும் இருவரிடம் வந்து நூலை முடிக்கிறார். கடைசி அதிகாரத்தின் பெயரே ஊடலுவகை. இதை நோய் என்றால் எப்படி அக்கா?

நம் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஒரு வீட்டுப் பிள்ளைகள் மட்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டுமாம்!

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். நடுவர் அவர்களே, தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தால் கோபிக்க மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. கோபிப்பேன். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக மாட்டேன். மேடைக்குக் கீழே தேத்தண்ணீர் ஊற்றுகிறார்கள், அங்கே வந்து உங்களோடு ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.