பெஞ்சில் இருப்பவனை விட்டுவிடலாமா?

வணக்கம் மக்களே. காரைக்குடியில் காலை ஆறரை மணி. வளவில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் அப்பத்தா பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று சாயங்காலம் எங்கள் கூடைப்பந்து கிளப்பில் கூட்டம். கோட்டையூரிலிருந்து பஸ்ஸில் வந்து ஆடும் எங்கள் சப்ஸ்டிட்யூட் தம்பியை அடுத்த சீசனுக்கும் வைத்துக்கொள்வதா, அந்தக் காசுக்கு மதுரையிலிருந்து உயரமான பையன் ஒருவனைக் கூட்டி வருவதா என்பதுதான் பேச்சு. காசு என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். பஸ் செலவு, சாப்பாடு, வருஷத்துக்கு ஒரு ஜோடி ஷூ.

இந்தப் பேச்சு வந்தாலே எனக்கு அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் அலெக்ஸ் கருசோ ஞாபகம்தான். அங்கே பெரிய லீக் என்பிஏ; அதன் அணிகள் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் 2016 டிராஃப்டில் ஒரு அணியும் அவரை எடுக்கவில்லை. அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியில் ஓரமாக நுழைந்தவர், 2020 ஃபைனலின் ஆறாவது ஆட்டத்தில் முதல் ஐந்து பேரில் ஒருவராக இறங்கினார். அன்றைக்கே மயாமி அணியை வென்று கோப்பை.

அடுத்த வருஷம் அவர் ஒப்பந்தம் முடிந்தது. ஒரு அணி மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று லீக் வைத்த வரம்பைத் தாண்டியும் சொந்த ஆட்டக்காரரை வைத்துக்கொள்ள அங்கே வழி உண்டு, 'பேர்டு உரிமை' என்பார்கள். லேக்கர்ஸிடம் அது இருந்தது. இடித்தது, சம்பளம் ரொம்ப ஏறினால் அணி லீக்குக்குக் கட்டும் வரி. வரி எல்லைக்கு மேலே போகும் ஒவ்வொரு டாலருக்கும் அப்போது குறைந்தது ஒன்றரை டாலர் கட்ட வேண்டும். பெஞ்சில் இருப்பவருக்கு இவ்வளவா என்று யோசித்தார்கள். சிகாகோ அணி யோசிக்கவில்லை, நான்கு வருஷத்துக்குச் சுமார் 3.7 கோடி டாலர் தந்து கூட்டிப் போய்விட்டது. அடுத்த சீசனில் லேக்கர்ஸுக்கு 33 வெற்றி, 49 தோல்வி. கருசோ போனது மட்டுமே காரணம் என்று சொன்னால் அது புளுகு. வெஸ்ட்புரூக்கைப் புதிதாகக் கொண்டுவந்தது, அணியின் பெரிய நட்சத்திரங்கள் லெப்ரானுக்கும் டேவிஸுக்கும் காயம், எல்லாம் சேர்ந்ததுதான். ஆனாலும் எனக்கு வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைத் தூக்குவாளி இருந்தது, ஐயாவின் விலாசம், அதாவது பெயரெழுத்து, வெட்டியது. இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் போட்டோம். இரண்டு வருஷம் கழித்து முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கடை வாசலில், புளி போட்டுத் துலக்கி, அதே விலாசத்தோடு தொங்குகிறது! விலையைக் கேட்டுவிட்டு அப்பத்தா வழியெல்லாம் வாயே திறக்கவில்லை.

கருசோ விலையும் அப்படித்தான் ஏறியது. ஓக்லஹோமா அணி அவரை வாங்கி, 2024 டிசம்பரில் நான்கு வருஷத்துக்கு 8.1 கோடி டாலருக்கு நீட்டித்தது. 2025 மே மாதம் டென்வருடன் ஏழாவது ஆட்டம் பார்த்தீர்களா? டென்வரின் நட்சத்திரம் யோகிச் 6 அடி 11 அங்குலம், அவரைத் தடுக்க நின்ற கருசோ 6 அடி 5. பின்னால் நின்று முட்டினால் நசுங்கிவிடுவார். அதனால் முன்னால் போய் நின்று, பந்து வருகிற வழியையே அடைத்தார். ஓக்லஹோமாவுக்கு 125-93 என்று வெற்றி. அந்த வருஷக் கோப்பையும் அவர்களுக்கே.

எல்லா மாற்று ஆட்டக்காரரையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று சொல்லவில்லை. துள்ளிக் குதிப்பதை மட்டுமே நம்பி ஆடுகிறவர் என்றால் முட்டி போனதும் கதை முடிந்தது. அவருக்கு நீண்ட ஒப்பந்தம் வேண்டாம். கண்ணாலும் காலடியாலும் ஆடுகிறவரை விடக்கூடாது.

எங்கள் தம்பி பெஞ்சில் ஷூ லேஸைத் தளர்த்தி நான் பார்த்ததே இல்லை. எதிரணிக்காரன் இடது பக்கம் திரும்புவதற்கு முன் தோளைச் சாய்க்கிறான் என்று போன மாதம் சொன்னதும் அவன்தான். இறங்கிய எட்டு நிமிஷத்தில் அந்த ஆளிடமிருந்து மூன்று முறை பந்தைத் தட்டினான். எடுத்த புள்ளி இரண்டு. ஸ்கோர் ஷீட்டில் அந்த இரண்டு மட்டும்தான் இருக்கிறது, கமிட்டி பார்ப்பதும் அதைத்தான்.

என் ஓட்டு அவனுக்கே. ஷூ சைஸ் ஒன்பது, அதையும் குறித்துக்கொண்டு போகிறேன். மதுரைப் பையனுக்கு வேண்டுமானால் என் இடத்தைக் கொடுக்கட்டும், எனக்கும் முட்டி வலிக்கிறது.

சரி, அப்பத்தா கூப்பிடுகிறார். வெள்ளைப் பணியாரம் ஆறிப்போகும். வருகிறேன்.