மலாவத்திக் குன்றில் உட்கார்ந்து பாருங்கள்

நேயர்களுக்குக் காலை வணக்கம். பசியாறி முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கோலசிலாங்கூர்க்காரர்களுக்குப் புக்கிட் மலாவத்தியைப் பற்றிச் சொல்ல ஓர் ஆளை அழைத்து உட்காரவைத்திருக்கிறார்கள். நமக்குத் தெரியாத குன்றா அது? வெளியூரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் மேலே கூட்டிப் போவோம். பீரங்கிப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்போம். குரங்குக்கு ஒரு கட்டுப் பயற்றங்காய். பிறகு ஆற்றைக் கடந்து பாசிர் பெனாம்பாங்கில் மீன் சாப்பாடு. குன்று முடிந்தது!

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அங்கே சுற்றாதீர்கள், ஓரிடத்தில் உட்காருங்கள். தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளை “உட்காரு, உட்காரு” என்று சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். இப்போது உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன்.

போன பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது. முதல்நாள் இரவு நல்ல மழை, காலையில் வெயிலே இல்லை. எல்லாரும் கலங்கரை விளக்கம் பார்க்கக் கிளம்பினார்கள். எனக்கு முழங்கால் வலி. “நீங்க போய்ட்டு வாங்க மச்சான், நான் இங்கேயே இருக்கேன்” என்று ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மரம் நம் நாட்டு மரமே இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பொழுது சாய்ந்தால் இலையை மடக்கிக்கொள்ளும், விடிந்தால் விரிக்கும். அண்ணாந்து பார்த்தால் கிளை நெடுகப் பெரணி முளைத்துக் கிடக்கிறது. இத்தனை வருடம் அதன் நிழலில் காரை நிறுத்தினோமே தவிர, மேலே யார் பார்த்தோம்?

அந்தப் பெரணிக்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ அசைந்தது. குட்டி! மலாய்க்காரர்கள் லோத்தோங் என்று சொல்கிற, உடம்பெல்லாம் சாம்பல் பூசிய மாதிரி, தலையில் கொண்டை வைத்த குரங்கு இருக்கிறதே, அதன் குட்டி. பெரியது சாம்பல், குட்டி மட்டும் பளீரென்று ஆரஞ்சு. சில மாதங்களில் அந்த நிறம் போய்விடும். இதெல்லாம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்தால்தான் தெரிகிற விஷயம் வேறு. அந்தக் குட்டி தாயிடம் இருக்கவே இல்லை. ஒருத்தி வாங்கினாள், இன்னொருத்தி அவளிடமிருந்து இழுத்தாள், மூன்றாமவளிடம் போனதும் கீச்சென்று ஒரே அழுகை. தாய் அந்தப் பக்கம் நிதானமாகக் கொழுந்து தின்றுகொண்டிருந்தாள். எனக்கு எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகைதான் நினைவுக்கு வந்தது. அம்மா விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்டப் போய்விடுவாள். தொட்டிலில் கிடக்கிற எங்களை யார் தூக்கினார்கள், யார் வாயில் கஞ்சி ஊட்டினார்கள் என்று கணக்கே கிடையாது. லோத்தோங் கூட்டத்தில் இது வழக்கமாம். மற்றப் பெண் குரங்குகளும் குட்டியைச் சுமக்கும், தாய்க்கு வயிறார மேய நேரம் கிடைக்கும்.

பயற்றங்காய்க்கு வருகிறேன். லோத்தோங் இலை தின்கிற பிராணி. அதன் வயிறு அறை அறையாகப் பிரிந்திருக்கும், உள்ளே நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்துத்தான் செரிக்கும். அதில் ரொட்டியும் இனிப்பும் போனால் என்ன ஆகும்? கொடுக்காதீர்கள். பிள்ளை கேட்டாலும் கொடுக்காதீர்கள். இன்னொன்று, உங்கள் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் இதுவல்ல, நீண்ட வால் கொண்ட கேரா என்கிற வேறு குரங்கு. பழி மட்டும் இரண்டுக்கும் சேர்த்து விழுகிறது. நம் மேற்குக் கரையில் இருக்கும் இந்த லோத்தோங் வகைக்கு விலங்கியலார் சிலாங்கூரின் பெயரையே வைத்திருக்கிறார்கள், தெரியுமா? நம் ஊர்ப் பேரைச் சுமக்கிற பிராணிக்கு நாம் ரொட்டி போட்டு வயிற்றைக் கெடுக்கிறோம். சரி, இதைத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன்.

சரித்திரம் பலகையிலேயே இருக்கிறது. 1784இல் டச்சுக்காரன் குன்றின் மேலிருந்த கோட்டையைப் பிடித்தான், அடுத்த வருடமே சிலாங்கூர் சுல்தான் இப்ராகிம் மீட்டுக்கொண்டார். கலங்கரை விளக்கம் 1907இல் வந்தது. ஆனால் எல்லாரும் கடல் பக்கமே பார்க்கிறார்கள். ஒரு தடவை முதுகைக் கடலுக்குக் காட்டி நில்லுங்கள். உள்நாட்டுப் பக்கம் தெரிகிற, எண்ணெய் எடுக்கிற செம்பனையின் பச்சை இருக்கிறதே, இந்த நாட்டில் அதை வணிகத்துக்கென்று முதன்முதலில் நட்டது 1917இல், நம் மாவட்டத்துத் ‘தென்னமரம்’ என்ற பெயருள்ள தோட்டத்தில். நம் தாத்தா பாட்டி நின்ற மண் அது. அதற்கு ஒரு பீரங்கி அளவுகூட மரியாதை இல்லை, அதைப் பற்றியும் ஒரு நாள்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் தங்கச்சி கையைக் காட்டுகிறார். அடிவாரத்துச் சதுப்புநிலப் பூங்காவைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்தேன், நேரமில்லை. 1987இல் அமைந்தது. சேற்றில் துள்ளுகிற மீன், ஒரு கை மட்டும் பெருத்த நண்டு, கொக்கு, நாரை எல்லாம் உண்டு. அங்கேயும் உட்காருங்கள், ஆனால் கொசு மருந்து தடவிக்கொண்டு. வார இறுதியில் குன்றுக்குக் காரை விடமாட்டார்கள், ட்ராம்தான். அதனால் முடிந்தால் சாதாரண நாளில், காலையிலேயே போங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டுப் பையைக் காரிலேயே வையுங்கள். நன்றி, வணக்கம்.