லீவு லெட்டரைத் தாண்டி எழுதவைக்கும் புத்தகங்கள்

அடுத்த கேள்வி ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கடிதம் எழுதச் சொன்னால் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரி வராமல் பேனாவைக் கடிக்கிறாளாம். கற்பனையோடு எழுதத் தூண்டும் புத்தகங்களைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்கள் மகளிடம் குறை ஒன்றும் இல்லை. யாருக்கு, எதற்காக எழுதுகிறோம் என்பது தெரியாவிட்டால் பெரியவர்களுக்கும் அடுத்த வரி வராது. முறையிட ஒரு வழக்கு இருந்தால்தான் கடிதம் ஓடும். அந்த வழக்கை மூட்டிவிடும் புத்தகங்களைத்தான் நான் முதலில் எடுப்பேன்.

ட்ரூ டேவால்ட் எழுதி, ஆலிவர் ஜெஃபர்ஸ் படம் வரைந்து 2013இல் வந்த ‘தி டே தி கிரேயான்ஸ் க்விட்’ எனக்கு மிகவும் பிடித்தது. டங்கன் என்ற சிறுவன் கிரேயான்களை எடுக்கப் போனால், அவை அவனுக்கு எழுதிய கடிதங்கள்தான் கிடைக்கின்றன. சிவப்புக்குப் பண்டிகை நாளிலும் ஓய்வில்லை. சூரியன் யார் நிறம் என்ற சண்டையில் மஞ்சளும் ஆரஞ்சும் பேசிக்கொள்வதில்லை. கடலும் ஆறும் மழையும் தீட்டித் தீட்டி நீலம் தேய்ந்து குட்டையாகிவிட்டது. நம் கரைப் பிள்ளைகள் படம் வரைந்தால் பாதித் தாள் கடல்தானே! நீலத்தின் வருத்தம் அவர்களுக்கு உடனே விளங்கும்.

படித்த சூட்டோடு மகளிடம் கேளுங்கள்: 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா நிற்கும் விசைப்படகு தன் முதலாளிக்கு என்ன எழுதும்? வலையில் சிக்கித் தப்பிய ஆவுளியா என்ற கடல்பசு யாரிடம் முறையிடும்? 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலம், 2025இல் திறந்த புதிய பாலத்துக்குக் கடிதம் போட்டால்? ‘கப்பல் வந்தால் நான் இரண்டு கைகளையும் விரித்து வழிவிடுவேன். நீயோ நடுப்பகுதியை அப்படியே மேலே தூக்கிவிடுகிறாய். உப்புக் காற்றை மட்டும் சாதாரணமாக நினைத்துவிடாதே, தம்பி’ என்று தொடங்கிக் கொடுங்கள். மீதியை அவளே எழுதுவாள்.

ஜேனட், ஆலன் ஆல்பெர்க் தம்பதியரின் ‘தி ஜாலி போஸ்ட்மேன்’ 1986இல் வந்தது. பக்கங்களே உறைகளாக இருக்கும். உள்ளே கைவிட்டுக் கடிதத்தை எடுத்துப் படிக்கலாம். மூன்று கரடிகளின் வீட்டில் புகுந்து கஞ்சியைக் குடித்த கோல்டிலாக்ஸ் அவற்றிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதமும் அதில் உண்டு.

கதையைவிடக் கேள்விகளில் நாட்டமுள்ள பிள்ளை என்றால் நேருவிடம் போங்கள். 1928இல் முசூரியில் இருந்த பத்து வயது இந்திராவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் மறு ஆண்டே நூலாயின. ஓர் உருண்டைக் கூழாங்கல் எப்படி இத்தனை வழவழப்பானது என்று கேட்டு, அதிலிருந்தே பூமியின் கதையைச் சொல்கிறார். உங்கள் மகளுக்குக் கூழாங்கல் தேட வேண்டாம், கரையில் ஒதுங்கும் பவளத்துண்டு போதும். அதன் கதையை வெளியூரில் இருக்கும் மாமாவுக்கு அவள் எழுதட்டும்.

ஆங்கிலப் புத்தகங்களை அப்படியே கையில் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, படத்தைக் காட்டித் தமிழில் சொல்லுங்கள். எழுதிய கடிதத்தில் சிவப்பு மையால் பிழை திருத்தவும் வேண்டாம். படகின் பெயரில் மகள் எழுதியிருந்தால், முதலாளியின் பெயரில் நீங்கள் பதில் எழுதி, அஞ்சலட்டையில் முகவரியிட்டுத் தபால் பெட்டியில் போடுங்கள்.