ரத்தம் எட்டாத இடத்திலும் சர்க்கரை

நேயர்களுக்கு வணக்கம். கண் பரிசோதனை அறையில் ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அவருக்கு அறுபது வயதுக்கு மேல். பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. அன்றைக்குக் கண் பிரஷர், அதாவது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம், 24 காட்டியது. பொதுவாக 21க்குள் இருக்க வேண்டும். "மூணு மாசச் சர்க்கரை ரிப்போர்ட் இருந்தா குடுங்கம்மா" என்றேன். "கருவிழியில ரத்தக்குழாயே கிடையாதுன்னு போன தடவை நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்குங்க ரத்த ரிப்போர்ட்டு?" என்றார்.

எவ்வளவு நல்ல கேள்வி! கருவிழி என்று நாம் சொல்வது கறுப்பே இல்லை. கண்ணுக்கு முன்னால் பதித்த கண்ணாடி போன்ற ஒரு தோல் அது. கருமை அதற்குப் பின்னால் இருக்கிற படலத்தின் நிறம். இந்தக் கண்ணாடி நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். ஒளி தடையில்லாமல் போக வேண்டும் என்பதால் இதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூச்சுக்கான ஆக்சிஜனைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து கண்ணீர் வழியாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் சாப்பாடு உள்ளிருந்துதான் வருகிறது. கருவிழிக்குப் பின்னால் தெளிந்த நீர் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அது ரத்தத்திலிருந்து சுரப்பது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்த நீரிலும் ஏறும். கருவிழி அதில்தான் இரவும் பகலும் ஊறுகிறது.

சரி, ஊறினால் என்ன ஆகும்? பால்கோவா கிண்டியவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம். பால் சுண்டச் சுண்ட இளஞ்சிவப்பாக மாறுகிறதே, அது பாலில் உள்ள சர்க்கரையும் புரதமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருகிற நிறம். தோசை முறுகுவதும் அப்படித்தான். பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912இல் இதை விவரித்தார். அடுப்பில் சில நிமிடங்களில் நடப்பது, நம் உடம்புச் சூட்டில் வருடக்கணக்கில் மெதுவாக நடக்கிறது. மூணு மாசச் சர்க்கரை என்று நாம் சொல்லும் ஏ1சி பரிசோதனையும் இதே ஒட்டலைத்தான் அளக்கிறது. ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ராஹ்பர் 1968இல் சர்க்கரை நோயாளிகளின் ரத்தச் சிவப்பணுக்களில் மாறுபட்ட ஒரு ஹீமோகுளோபினைக் கவனித்தார். அதுதான் சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின்.

ஆனால் சிவப்பணுவின் ஆயுள் நான்கே மாதம். அது அழியும்போது அதில் ஒட்டிய கணக்கும் அழிந்துபோகும். கருவிழி முழுக்கக் கொலாஜன் என்ற புரத இழைகள், கோரைப்பாய் மேல் கோரைப்பாய் விரித்ததுபோல் அடுக்கடுக்காக இருக்கின்றன. இந்த இழைகள் சுலபத்தில் புதுப்பிக்கப்படுவதில்லை. பத்து வருடத்துச் சர்க்கரை அங்கே தங்கி, பக்கத்துப் பக்கத்து இழைகளைக் குறுக்கே முடிச்சுப் போட்டுவிடுகிறது. முடிச்சு கூடக் கூடப் பாய் விறைக்கும். இந்த இடம் எனக்கு இன்றைக்கும் வியப்பு: ஏ1சி மறந்துவிட்டதைக் கருவிழி நினைவில் வைத்திருக்கிறது.

இதே முடிச்சை டாக்டர்கள் வேண்டுமென்றே போடுவதும் உண்டு. சில இளைஞர்களுக்குக் கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் ஸைலர், ஸ்போர்ல், வோலன்சாக் ஆகியோர் அதற்கு ஒரு வழி கண்டு, முதல் நோயாளிகளின் முடிவுகளை 2003இல் வெளியிட்டார்கள். ரிபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின் சொட்டை விட்டு, அரைமணி நேரம் புற ஊதா ஒளி காட்டினால் இழைகள் பிணைந்து கருவிழி உறுதியாகும். சர்க்கரை நோயாளிகளிடம் இந்தக் கூம்பு நோய் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதற்காகச் சர்க்கரை கண்ணுக்கு நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சர்க்கரை விழித்திரையின் ரத்தக்குழாய்களைக் கெடுக்கிறது, கருவிழியின் உணர்ச்சியை மழுங்கடிக்கிறது, சின்னக் கீறல்கூட ஆறாமல் இழுக்கவைக்கிறது.

இப்போது அந்த 24க்கு வருகிறேன். கண் பிரஷரை நாம் உள்ளே போய் அளப்பதில்லை. கருவிழியை வெளியிலிருந்து லேசாக அழுத்தி, மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குத் தட்டையாக்க எவ்வளவு விசை தேவை என்று பார்க்கிறோம். 1950களில் சுவிட்சர்லாந்தின் கோல்ட்மான் அமைத்த முறை அது. கருவிழி சராசரி கனத்தோடு இருக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. சைக்கிள் டயரை விரலால் அமுக்கிக் காற்று பார்க்கிறோமே, டயரே தடித்து விறைத்திருந்தால் காற்று நிறைய இருப்பதாகத்தான் தோன்றும். கண்ணும் அப்படித்தான். கருவிழி விறைத்திருந்தால் எண் கூடுதலாக வரும். சர்க்கரை நோயில் கருவிழியின் உள்பக்கச் செல்கள் நீரை வெளியேற்றும் வேலையில் தளர்வதால் கனமும் கொஞ்சம் ஏறலாம். முடிச்சு இறுக்குகிறது, நீர் ஊதவைக்கிறது. இரண்டும் சேர்வதாலோ என்னவோ, காற்றை ஊதிக் கருவிழி எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்று அளக்கும் கருவிகளில் சிலருக்கு ஒரு மாதிரியும் சிலருக்கு வேறு மாதிரியும் முடிவு வருகிறது. அதனால்தான் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பிப் பிரஷரைக் குறைக்கும் சொட்டு மருந்தைத் தொடங்குவதும் தவறு, அதை ஒதுக்கித் தள்ளுவதும் தவறு என்கிறேன். கருவிழியின் கனத்தை அளக்க வேண்டும், கண் நரம்பைப் பார்க்க வேண்டும், பார்வைப் பரப்பையும் சோதிக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்குக் கனம் 600 மைக்ரான், அதாவது 0.6 மில்லிமீட்டர்; சராசரியைவிடக் கூடுதல். நரம்பு நன்றாக இருந்தது, பார்வைப் பரப்பும் முழுதாக இருந்தது. டாக்டர் சொட்டு எழுதவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார். இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கும் ஏ1சி ரிப்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறார்.